செல்லத்துக்கு ராஜா பெயர் வைக்கப்போகிறீர்களா? கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள்

சேலத்தில் ஒரு கால்நடை மருத்துவமனை. சனிக்கிழமை காலை, தடுப்பூசிக்காகப் பத்துப் பதினைந்து பேர் பெஞ்சில் காத்திருந்தோம். உள்ளேயிருந்து ஒருவர் அட்டையைப் பார்த்து "ராஜா!" என்று குரல் கொடுத்தார். மூன்று பேர் எழுந்தார்கள். ஒருவர் கையில் லேப்ரடார், இன்னொருவர் மடியில் பொமரேனியன், மூன்றாமவர் கயிற்றில் ஒரு நாட்டு நாய். என் மடியில் இருந்த கறுப்புக் குட்டிக்கு அதுவரை பெயரே இல்லை. அட்டையில் 'பெயர்' என்ற இடத்தில் ஒரு கோடுதான் இழுத்திருந்தார்கள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்: இவனுக்கும் ராஜ பெயர்தான். ஆனால் கூப்பிட்டால் இவன் ஒருத்தன் மட்டும் திரும்பிப் பார்க்கிற பெயராக இருக்க வேண்டும். அதற்காக நான் பட்ட பாடு, தேடியது, தவறவிட்டது எல்லாவற்றையும் இங்கே சொல்கிறேன். முதன்முதலாக நாயோ பூனையோ வளர்க்கப் போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஒரு கேள்வி. ராஜா பெயர் நமக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது? நம் பேச்சில் 'நாய்' என்பது திட்டுகிற சொல். நாய்ப் பிழைப்பு, நாய் படாத பாடு என்றுதான் சொல்கிறோம். அந்தப் பிறவிக்கு 'ராஜா' என்று ஒரு வீடு பெயர் வைத்தால், வெளியே உனக்கு என்ன மரியாதையோ தெரியாது, இந்த வாசலுக்குள்ளே நீ ராஜா என்று சொல்கிறார்கள். பெயர் வைத்த நான்காம் வாரம் கவனித்துப் பாருங்கள். 'அது சாப்பிட்டுச்சா' என்று கேட்டவர்கள் 'அவன் சாப்பிட்டானா' என்று கேட்க ஆரம்பித்திருப்பார்கள். என் அம்மாயி அப்படித்தான் மாறினார். "நாய்க்குப் போயி ராஜா பேரா?" என்று முகம் சுளித்தவர், இப்போது தட்டில் கை வைப்பதற்கு முன்னால் அவன் சாப்பிட்டானா என்று கேட்கிறார்.

இது புதுப் பழக்கமும் இல்லை. சேலத்திலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை போகிற பாதையில் செங்கம் வரும். அந்தப் பக்கத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்தது. 7ஆம் நூற்றாண்டு, பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலம். எருமைகளைக் காக்கப் போராடி விழுந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு கள்ளர்களைக் கடித்து அவனுக்குக் காவலாக நின்ற நாய் என்று எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். 'கோ' என்றால் அரசன். 'கோ இவன்' என்றுதான் எனக்கு அது காதில் விழுகிறது. 1300 வருடங்களுக்கு மேலாகியும் ஒரு நாயின் பெயர் கல்லில் நிற்கிறது. பெயர் வைப்பதைச் சின்ன விஷயமாக நினைக்கிறவர்களிடம் நான் இந்தக் கல்லைப் பற்றித்தான் சொல்வேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

நான்கு நாள் பெயர் வைக்காதீர்கள்

குட்டி வீட்டுக்கு வந்த அன்றே பெயர் வைக்க எல்லோருக்கும் கை பரபரக்கும். பொறுங்கள். முதல் இரண்டு மூன்று இரவு அது தாயைத் தேடி அழும், மூலையில் ஒண்டும். அதன் உண்மையான குணம் அதற்கப்புறம்தான் வெளியே வரும். நிறம், கால், காது, குரல், நடை எல்லாவற்றையும் பாருங்கள். அழகான பெயர்கள் பல உடம்பிலேயே எழுதியிருக்கும். உடம்பு செவலையாகவும் நான்கு காலும் கறுப்பாகவும் ஒரு குட்டி இருந்தால், கரிகாலனைத் தவிர அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது? தீயில் கருகிய காலை உடையவன் என்றுதானே அந்தச் சோழனின் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். யானைகளுக்குக் காலன் என்றும் சொல்வார்கள். எப்படிப் பார்த்தாலும் கறுங்கால் நாய்க்குப் பொருந்துகிறது. கூப்பிட 'கரிகா' போதும்.

பெயரைப் பக்கத்திலேயே தேடுங்கள்

சேலத்துக்காரர்கள் ராஜ பெயருக்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. வடக்கே தருமபுரிதான் அந்தக் காலத்துத் தகடூர், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். தெற்கே தெரிகிற கொல்லிமலை வல்வில் ஓரியின் நாடு. ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்று சங்கப் பாட்டு பாடுகிறதே, அவன்தான். அவனோடு போர் செய்து அவனைக் கொன்றவன் மலையமான் திருமுடிக் காரி. இவர்கள் மூவருமே கடையெழு வள்ளல்களில் வருகிறவர்கள். மீதி நான்கு பேர் பாரி, பேகன், நள்ளி, ஆய். பாதிக்கு மேல் இரண்டெழுத்துப் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். நாய்க்கும் பூனைக்கும் அதுதான் சரியான அளவு.

இதில் காரியும் ஓரியும் எனக்குத் தனிப் பிரியம். சிறுபாணாற்றுப்படையில் இந்த இரண்டு பேரின் போரைச் சொல்கிற இடத்தில் காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர் வருகிறது, ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே வருகிறது. அரசனுக்கும் அவன் ஏறிய குதிரைக்கும் ஒரே பெயர். விலங்குக்கு அரசன் பெயர் வைத்தால் அரசனுக்கு இழுக்கு என்று யாராவது சொன்னால், அந்தக் காலத்திலேயே ஒரே பெயரில் இரண்டு பேரும் போர்க்களத்துக்குப் போனார்கள் என்று சொல்லுங்கள்.

பொருளும் அருமை. காரி என்றால் கருமை. ஓரி என்ற சொல்லுக்குக் குதிரையின் பிடரி மயிர் என்றும் பொருள் உண்டு, நரி என்றும் உண்டு. கழுத்தைச் சுற்றி முடி அடர்ந்த நாய், நரி மூஞ்சி வைத்த நாய் இரண்டுக்கும் ஓரி பொருந்தும். என் கறுப்பன் காரி ஆனது இப்படித்தான்.

மூவேந்தர் பக்கம் போனால் பெரிய களஞ்சியம். பாண்டியர்களுக்கு வழுதி, மாறன், செழியன். சோழர்களுக்குக் கிள்ளி, சென்னி, வளவன், செம்பியன். சேரர்களுக்குப் பொறையன், குட்டுவன், கோதை. நகத்தால் பிறாண்டிக்கொண்டே இருக்கிற பூனைக்குட்டிக்குக் கிள்ளி என்று வைத்தால் பெயரும் பொருந்தும், ராஜ வம்சமும் ஆகும். அதியமான் குடியில் எழினி என்ற பெயர் உண்டு. பெண் பூனைக்கு அவ்வளவு மென்மையான பெயர் வேறு கிடைப்பது கஷ்டம். மூவேந்தரின் குதிரைகளுக்கே தனித்தனிப் பெயர் இருந்தது: சேரனுடையது பாடலம், சோழனுடையது கோரம், பாண்டியனுடையது கனவட்டம். இதில் கோரம் இன்றைக்கு வேறு அர்த்தம் கொடுத்துவிட்டது. மற்ற இரண்டையும் கூப்பிடுவதற்குள் நாய் அடுத்த தெருவுக்குப் போய்விடும். தெரிந்து வைத்துக்கொள்ளலாம், வைக்க வேண்டாம்.

மாடு வளர்ப்பவர்களுக்கு ஒன்று: 'கோ' என்ற ஓரெழுத்துக்கு அரசன் என்றும் பொருள், பசு என்றும் பொருள். கோமகள் என்று ஒரு கன்றுக்கு வைத்துப் பாருங்கள்.

வெளியிலிருந்து வந்த ராஜ பெயர்களும் நம்மிடம் ஊறிப்போனவைதான். ஏற்காட்டு எஸ்டேட்டுகள் பக்கம் போனால் ரெக்ஸ், டியூக் என்று இன்றும் காதில் விழும். ரெக்ஸ் லத்தீனில் அரசன். டியூக் அதே மொழியில் 'முன்னின்று நடத்துபவன்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பிரின்ஸ் 'முதல் இடத்தில் இருப்பவன்'. சீசர் முதலில் ரோமாபுரியில் ஒரு குடும்பத்தின் பெயர், பிறகு பட்டமாகி, ஜெர்மனியில் கைசராகவும் ரஷ்யாவில் ஜாராகவும் ஆனது. சுல்தான் அரபியில் 'அதிகாரம்' என்ற சொல். எல்லாமே சுருக்கமானவை, கூப்பிட வசதியானவை. குறை ஒன்றுதான், ஒவ்வொரு தெருவிலும் ஏற்கெனவே ஒன்று இருக்கும்.

ஏற்காடு இருக்கிற நம் சேர்வராயன் மலைக்கே ராஜ பெயர்தான், கவனித்திருக்கிறீர்களா? சேர்வராயனில் வருகிற 'ராயன்' அரசனைக் குறிக்கிற சொல். மலையுச்சிக் குகைக்கோயிலில் காவேரியம்மனோடு இருக்கிற சாமியின் பெயர் என்பதால் முழுப் பெயரை மலைக்கே விட்டுவிடுவோம். ராயன் என்பது பொதுச்சொல்தான். 'ராயா' என்று கூப்பிடும்போது எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது!

கூப்பிட்டுப் பாருங்கள்: இதுதான் முக்கியமான சோதனை

பெரும்பாலானவர்கள் பெயரை எழுதிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அது பிழை. நாய் எழுத்தைப் படிக்காது, நம் குரலைத்தான் கேட்கும். அதிலும் தமிழில் ஒரு பெயரைச் சொல்வது வேறு, கூப்பிடுவது வேறு. மாறன் வந்தான் என்கிறோம், கூப்பிடும்போது 'மாறா' என்கிறோம். செழியன் 'செழியா' ஆகிறான், வேந்தன் 'வேந்தா' ஆகிறான், மன்னன் 'மன்னா' ஆகிறான். உங்கள் நாயின் காதில் விழப்போகிற பெயர் இந்த இரண்டாவது வடிவம்தான். அதனால் தேர்ந்தெடுக்க வேண்டியதும் இரண்டாவது வடிவத்தை வைத்துத்தான்.

தொல்காப்பியத்தில் இதற்கென்றே விளிமரபு என்று ஓர் இயல் இருக்கிறது. தொலைவில் இருப்பவரைக் கூப்பிடும்போது பெயர் தன் அளவைக் கடந்து நீண்டு ஒலிக்கும் என்று அதில் சொல்லியிருக்கிறது. நாய் வளர்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. கடைசியில் நீட்டக்கூடிய உயிரொலி இருக்கிற பெயர் தூரம் போகும்: காரீஈ, ஓரீஈ, ராயாஆ. 'ரெக்ஸ்' என்பதை நீட்டவே முடியாது, அறைக்குள் நன்றாக இருக்கும், தோட்டத்தில் பத்தடியில் செத்துவிடும்.

செய்முறை இதுதான். மனதில் மூன்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடிக்குப் போங்கள். கீழே வாசலில் ஒருவரை நிற்க வையுங்கள். ஒவ்வொரு பெயரையும் மூன்று விதமாகக் கூப்பிடுங்கள்: பக்கத்தில் இருப்பவனைக் கொஞ்சுகிற மாதிரி, தெருமுனையில் இருப்பவனை அழைக்கிற மாதிரி, லாரி வருகிறபோது பதறி நிறுத்துகிற மாதிரி. கீழே நிற்பவருக்கு எது தெளிவாகக் கேட்டதோ, எதைக் கூப்பிட உங்களுக்குக் கூச்சமே வரவில்லையோ, அதுதான் பெயர். நான் முதலில் 'நெடுஞ்செழியன்' என்று எழுதி வைத்திருந்தேன். பதறிக் கூப்பிடுகிற சுற்றில் 'நெடு' என்பதற்கு மேல் போக முடியவில்லை.

வீட்டுப் பேச்சோடு மோதக் கூடாது

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெண் குட்டிக்கு அரசி என்று பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர், நிமிர்ந்த நடை. ஆனால் சமையலறையில் யாராவது "அரிசி ஊற வெச்சாச்சா?" என்று கேட்டால் போதும், வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து நிற்கும். நாளைக்கு நாலு தரம் அரிசி என்று சொல்லாத தமிழ் வீடு உண்டா? வந்து வந்து ஒன்றும் கிடைக்காமல் திரும்பியதில், உண்மையாகக் கூப்பிட்டபோதும் வருவதை அது குறைத்துக்கொண்டது. கடைசியில் ராணி என்று மாற்றினார்கள்.

இதே மாதிரி வேந்தன் என்ற பெயரும் 'வேண்டாம்' என்ற சொல்லும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. 'மன்னா' என்பதும் 'என்னா' என்பதும் அவசரத்தில் ஒன்றுதான். 'அஞ்சி' மாவீரனின் பெயர், ஆனால் கேட்பவர்களுக்குப் பயந்த நாய் என்று படும். ஆய் மிகப் பெரிய வள்ளல், இருந்தாலும் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அந்தச் சொல் வேறொன்றுக்குப் பயன்படுகிறது, அவன் பெயரை நாமே குறைக்க வேண்டாம். வா, போ, உட்காரு, இரு, வேண்டாம் என்று நாயிடம் தினமும் சொல்லும் சொற்களை ஒரு தாளில் எழுதி, பெயரைப் பக்கத்தில் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். பத்து நிமிட வேலை.

அக்கம்பக்கத்தைக் கேளுங்கள்

இதைத் தவறவிட்டவன் நான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் வளர்த்த ஒரு நாய்க்கு யோசிக்காமல் ராஜு என்று வைத்தேன். எதிர்வீட்டுப் பெரியவரை அவர் மனைவி அப்படித்தான் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் நான் வாசலில் நின்று "ராஜு, சனியனே, செருப்பைக் கடிக்காதே!" என்று கத்தியபோது அவர் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று மாலையே போய் மன்னிப்புக் கேட்டேன். இருந்தாலும் அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

மாறன், வளவன், செழியன் எல்லாம் நம் தெருக்களில் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிற பெயர்கள். சுற்றியிருக்கிற பத்து வீட்டில் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு வையுங்கள். நாச்சியார், பேகம் போல உயிரோடு இருக்கிற பெண்களை மரியாதையாக அழைக்கிற சொற்களை விட்டுவிடுங்கள். எந்த மன்னனை எந்த ஊர் கொண்டாடுகிறது என்றும் பாருங்கள். கொல்லிமலையில் ஆடி மாதம் ஓரிக்கு விழா எடுக்கிறார்கள், செம்மேட்டில் சிலை இருக்கிறது. அங்கே குடியிருப்பவர் நாய்க்கு ஓரி என்று வைக்க நினைத்தால், முதலில் அந்த ஊர்ப் பெரியவர்களின் மனதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெயரைப் பழக்குவது

வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குட்டி வேறெங்கோ பார்க்கும்போது பெயரை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். திரும்பிப் பார்த்த கணமே ஒரு துண்டு. ஐந்தாறு தடவையோடு நிறுத்திவிடுங்கள். காலை, மதியம், மாலை என்று ஒரு வாரம் பத்து நாள் செய்தால் பெயர் பதிந்துவிடும். திரும்பவில்லை என்று 'காரி காரி காரி காரி' என்று அடுக்கினால், பெயர் வெறும் சத்தமாகிவிடும். பூனைக்கும் இதே முறைதான். பூனை தன் பெயரை மற்ற சொற்களிலிருந்து பிரித்து அறிகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019இல் காட்டியிருக்கிறார்கள். தெரிந்தும் வராமல் இருப்பது அதன் இஷ்டம்.

பெயரை வைத்துத் திட்டாதீர்கள். குளிப்பாட்ட, கட்டிப்போட, ஊசிக்குக் கூட்டிப்போக என்றால் பெயர் சொல்லி அழைக்காமல் நீங்களே போய்த் தூக்குங்கள். பெயரைக் கேட்டால் நல்லதுதான் நடக்கும் என்று அந்த உயிர் நம்ப வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி கூப்பிடவும் பேசி வையுங்கள். அம்மாயி மட்டும் 'சாமி' என்று கூப்பிடுகிறார், அதை யாராலும் மாற்ற முடியாது, அவன் அதற்கும் வருகிறான்.

வளர்ந்த நாயைத் தத்தெடுத்தால், பழைய பெயரின் ஒலியை ஒட்டிப் போங்கள். ராஜா என்று பழகியது ராயாவுக்குச் சீக்கிரம் திரும்பும். பழைய பெயரில் அது அடிபட்டிருக்கிறது, அந்தப் பெயரைக் கேட்டாலே பதுங்குகிறது என்றால் மட்டும் முற்றிலும் புதிய பெயர்.

அட்டையிலும் கழுத்திலும்

வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாத வயதில் போடுவார்கள், பிறகு வருடாவருடம். அந்த அட்டையில் கூப்பிடுகிற பெயரையே எழுதச் சொல்லுங்கள். கெனல் கிளப் பதிவு உள்ள நாய் என்றால் காகிதத்தில் நீளமான பெயர் இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். ஏற்காடு கோடை விழாவில் நடக்கும் நாய்க் கண்காட்சியிலும், உரிமையாளர் குனிந்து காதருகே சொல்வது வீட்டுப் பெயரைத்தான்.

கழுத்துப்பட்டைக்குப் பெயர்த்தகடு எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்கிறார்கள். சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருகிற கடைக்குப் போங்கள். ரூபாய் நாணயம் அளவு பித்தளைத் தகடு ஒன்று கொடுத்தால் அதே ஊசியால் வெட்டித் தருவார்கள். முன்பக்கம் பெயர், பின்பக்கம் உங்கள் கைபேசி எண். எனக்கு வெட்டித் தந்தவர் காரி என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்து, "மலையமானா?" என்றார். காசு வாங்க மாட்டேன் என்று வேறு சொல்லிவிட்டார்.

போன மார்கழியில் காரியோடு ஏற்காடு போயிருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்தபோது ஒரே மூடுபனி. காப்பிச் செடிகளுக்கு நடுவே காட்டுக்கோழி ஏதோ படபடத்தது, கயிற்றை உருவிக்கொண்டு ஓடிவிட்டான். பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. என் மகள் கையைக் குவித்து 'காரீஈஈ' என்று நீட்டினாள். கொஞ்ச நேரம் சில்வர் ஓக் இலைகளிலிருந்து பனி சொட்டுகிற சத்தம் மட்டும். இரண்டாவது முறை நீட்டினாள். அப்புறம் பனிக்குள்ளிருந்து முதலில் வந்தது பித்தளைத் தகடு வளையத்தில் இடிபடுகிற கிணுகிணுப்பு, அதற்குப் பின்னால் ஈர மூக்கு.